மாமாவின் ரெண்டரை ஏக்கரும், மேலே போகிற சேட்டிலைட்டும்

ஆம்பூர் மாமாவிடமிருந்து போன் வந்தால் இரண்டே காரணங்கள்தான் இருக்கும். ஒன்று, கல்யாணம். இரண்டு, கணக்கு. நான் பி.காம். படித்துத் தொலைத்த ஒரே பாவத்துக்காக, எங்கள் குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும் விற்றாலும் என்னைக் கூப்பிட்டு, "வட்டி சரியா போட்டிருக்கானா பாரு" என்பார்கள். (டெபிட் எது, கிரெடிட் எது என்பதில் எனக்கு இன்னமும் குழப்பம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.)

இந்தத் தடவை கணக்கு கொஞ்சம் பெரிசு.

"மாப்ளே, நெலத்தைக் குடுத்துடலாம்னு இருக்கேன். ப்ளாட் போடறவங்க வந்திருக்காங்க. நீ வந்து ஒரு தபா பாத்துட்டுப் போ."

போனேன். ரயிலில் ஜன்னலோர ஸீட். வாலாஜா தாண்டியதும் பக்கத்தில் ஓடி வந்து சேர்ந்துகொள்கிறது பாலாறு. 'ஓடி' என்பது பழக்க தோஷத்தில் எழுதியது. ஓடியது ரயில்தான். ஆறு அங்கேயே மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்தது.

கர்நாடகத்து நந்தி மலையில் கிளம்பி அங்கே 93 கிலோ மீட்டர், ஆந்திராவில் 33, நம் ஊரில் 222, ஆக மொத்தம் 348 கிலோ மீட்டர் வந்து கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலில் சேர்கிற ஆறு. வருஷத்தில் எத்தனை நாள் சேர்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அதே சமயம் சாது என்று நம்பிவிடவும் கூடாது. 1903 நவம்பரில் வந்த வெள்ளத்துக்கு வாணியம்பாடியில் நினைவுத் தூணே நிற்கிறது. 2021 நவம்பரில் மறுபடி விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி அளவுக்குப் பொங்கி, பாலத்தில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. மாமாவும் போய், செல்போனில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார். அதில் முக்கால்வாசி நேரம் அவர் கட்டை விரல்தான் தெரிந்தது.

மாமாவின் நிலம் ஆற்றங்கரைக்குக் கொஞ்சம் உள்ளே. ஊர்ப் பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வார். ரெண்டரை ஏக்கர். தென்னை. மேற்கே ஒரு கிணறு, கிழக்கே ஒரு கிணறு. நடுவில் 150 அடிதான் தூரம்.

"ரெண்டு தண்ணியும் குடிச்சுப் பாரு" என்றார் மாமா.

மேற்குக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டேன். மெரினாவில் அலையில் விழுந்து எழுந்த ஞாபகம் வந்தது. துப்பிவிட்டேன். கிழக்குக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் இல்லைதான். ஆனால் குடிக்கலாம், காபி போடலாம். அக்கம்பக்கத்தில் 11 வீடுகள் அதில்தான் குடம் வைக்கின்றன.

"ஒரே நெலம். ஒரே மண்ணு. அதென்னடா மாப்ளே, ஒண்ணு கடலு, ஒண்ணு கங்கை?"

எனக்கு என்ன தெரியும்? பி.காமில் கிணறு சிலபஸில் இல்லை.

★

உப்பு எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் மாமாவுக்குச் சந்தேகமே கிடையாது. தோல் ஷாப்பு.

டேனரி என்று நாம் சொல்வதை அந்தப் பக்கம் தோல் ஷாப்பு என்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றைப் பிடித்துக்கொண்டே வரிசையாக வந்தன. தோல் பதனிடத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் ஆற்றில் இருந்தது, அதனால் ஆற்றோரம் வந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன் அது நியாயமான கணக்குதான். அப்போது ஆவாரம்பட்டையில் ஊறப் போட்டுப் பதனிட்டார்கள். 1970-களில், பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு சர்க்கார் கட்டுப்பாடு கொண்டு வந்தது. முழுசாக முடித்து, ஷூவாகவும் பையாகவும் அனுப்பினால் நாலு காசு அதிகம், நாலு பேருக்கு வேலை. நல்ல யோசனை. அதோடு கூடவே குரோமியம் உப்பில் பதனிடுவதும் பெருகியது. மாதக்கணக்கில் ஆன வேலை நாள்கணக்கில் முடிந்தது.

குரோமியத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கிணற்றைக் கெடுக்கும் சத்தமில்லாத ஆசாமி சாதாரணச் சமையல் உப்பு! பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பை அள்ளிப் பூசித்தான் கொண்டு வருவார்கள். முதல் கழுவலிலேயே அத்தனையும் தண்ணீரில் கரைந்து வந்துவிடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமிகளை விட்டுச் சாக்கடையைத் தின்னச் சொல்லலாம். உப்பை எந்தக் கிருமியும் தின்னாது. சவ்வு வழியாக அழுத்தி வடிக்கிற ஆர்.ஓ. வைத்தால்தான் அது பிரியும். அந்த வசதி வருவதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் உப்புத் தண்ணீர் ஓடையில் இறங்கி, ஏரியில் நின்று, மண்ணுக்குள் போயிருக்கிறது. போனது திரும்பி வர அவசரப்படாது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மாமா திட்டி முடிக்கும்போது, ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள் அவர் மருமகள். மேல் பாகம் தைக்கிற செக்ஷன். தென்னை காய்க்காத வருஷங்களில் அந்த வீட்டில் உலை கொதித்தது அவள் சம்பளத்தில். அவள் வந்ததும் மாமா பேச்சை மாற்றி, "பிரியாணி சொல்லட்டுமா?" என்றார். (சீரகச் சம்பா, கத்திரிக்காய் தொக்கு. இந்தக் கட்டுரையில் சர்ச்சையில்லாத ஒரே விஷயம் அதுதான்.)

★

என் நண்பனின் தம்பி ஒருவன் வேலூரில் இருக்கிறான். புவியியல் தகவல் முறை படித்தவன். ஜி.ஐ.எஸ். என்பார்கள். பெயர் போட வேண்டாம் என்றான். 'தம்பி' என்றே வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தான்.

"ஜி.ஐ.எஸ்.னா என்னப்பா?"

"டிரேஸிங் பேப்பர் தெரியுமாண்ணா? ஒரு பேப்பர்ல ஆறு. இன்னொண்ணுல ஏரி, ஓடை. மூணாவதுல கிணறு. நாலாவதுல தோல் ஷாப்பு. அஞ்சாவதுல சர்வே நம்பர். எல்லாத்தையும் ஒரே அளவுல ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாக்கறது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! லெட்ஜரும் டே-புக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற நம்ம வேலைதான். ஒவ்வொரு ஆபீஸிலும் ஒவ்வொரு கணக்கு இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

படத்தை மேலேயிருந்து பெரிதாக்கிக்கொண்டே வந்தான். ஆம்பூர், பைபாஸ், ஆறு, தென்னந்தோப்பு... மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏய், அது நம்ம பம்ப் ஷெட்டு!" என்று கத்தினார். அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்து, "நான் தெரியறேனா?" என்றாள்.

எனக்கு வேறு கணக்கு ஓடியது. இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ மேலே போனது 1988 மார்ச்சில். அதன் ஒரு காமிராவில் ஒரு புள்ளி என்பது தரையில் 72.5 மீட்டர் சதுரம். மாமாவின் ரெண்டரை ஏக்கர் சுமார் 10,100 சதுர மீட்டர். வகுத்தால், அப்போது மாமாவின் மொத்த சொத்தும் ரெண்டே ரெண்டு புள்ளி! 2015-ல் போன ஐரோப்பாவின் சென்டினல்-2ஏ-யில் ஒரு புள்ளி 10 மீட்டர். இப்போது மாமா நூறு புள்ளிக்குச் சொந்தக்காரர். படம் இலவசம். நம் இஸ்ரோவும் 2009-லிருந்து 'புவன்' என்ற தளத்தில் படங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது.

தம்பி 2016-ம் வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் அடுத்தடுத்து வைத்தான். இலை பச்சையாக இருந்தால் அது திருப்பி அனுப்பும் வெளிச்சம் ஒரு மாதிரி, வாடினால் வேறு மாதிரி. அதைக் கணக்கிட்டு நிறம் கொடுக்கிறார்கள். மேற்கே இருந்த தோப்பு, பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து பழுப்புக்கும் போயிருந்தது. கிழக்கே பச்சை அப்படியே. வாய்க்கு உப்பாகத் தெரிந்தது இப்போது கண்ணுக்குக் கலராகத் தெரிந்தது.

"அப்போ மேலேர்ந்தே உப்பு தெரியுதா?" என்றார் மாமா.

"இல்ல பெரியப்பா. அது எலையைத்தான் பாக்குது. கிணத்து உப்பைத் தெரிஞ்சுக்கணும்னா பாட்டில் எடுத்துக்கிட்டுக் கிணறு கிணறா நடக்கணும்."

நடந்தோம். பேனா மாதிரி ஒரு மீட்டர், சில நூறு ரூபாய்தான். தண்ணீரில் முக்கினால் கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு என்று நம்பர் காட்டும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. மேற்குக் கிணறு 3,400. கிழக்குக் கிணறு 780. வெயிலில் 14 கிணறு பார்த்தோம். எந்தக் கிணறு எங்கே என்று தம்பி செல்போனில் குறித்துக்கொண்டான். நான் குடை பிடித்தேன்.

மாலையில் 14 புள்ளியும் படத்தில் ஏறியது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. படத்தில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, காட்டுப் பக்கத்துக் குன்றிலிருந்து ஊர் ஏரியைத் தொட்டு, ஒரு மெல்லிய கருங்கோடு. பூமிக்கு அடியில் பாறை வெடித்த வரி. இந்தப் பக்கமெல்லாம் அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்கவும் நகரவும் இந்த மாதிரி வெடிப்புகள்தான் வழி. நல்ல தண்ணீர் இருந்த 4 கிணறுகளும் அந்தக் கோட்டை ஒட்டியே இருந்தன. ஏரித் தண்ணீர் ஒரு ஓடையாக வந்து அந்தக் கோட்டின் மேலேயே இறங்குகிறது. மாமாவின் கிழக்குக் கிணறு சரியாக ஓடை முனையில். மேற்குக் கிணறு கோட்டை விட்டு விலகி, ஆற்றுப் பக்கத்து உப்பைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

"கோடு இருக்கறதால தண்ணி நிச்சயம்னு சொல்ல மாட்டேன். தரையில மின்சாரம் விட்டு அளந்து பாத்தாத்தான் உறுதி" என்றான் தம்பி. நாலு சம்பளம் வாங்குகிற நிபுணர்கள்கூட இப்படி அடக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

★

இப்படி அடுக்கி வைத்துப் பார்க்கிற வேலையை ஊரளவில் யாரும் செய்யவில்லையா?

1989 மார்ச்சில் தமிழக அரசு ஒரு ஆணை போட்டது. ஆறு, ஏரி, ஓடை மாதிரி நீர்நிலைகளிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் தோல் பதனிடுவது போன்ற கடும் மாசுத் தொழிற்சாலை புதிதாக வரக்கூடாது. காகிதத்தில் அது ஒரு வரி. படத்தில் அது பாலாற்றின் இரண்டு கரையிலும் பட்டையாக ஒரு ரிப்பன். தம்பி ஒரு பட்டனைத் தட்டி அந்த ரிப்பனைப் போட்டுக் காட்டினான். ஆம்பூரும் வாணியம்பாடியும் ரிப்பனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன! கோடு போடுவதற்கு நெடுநாள் முன்பே வந்து உட்கார்ந்தவர்களை என்ன செய்வது?

அதைத்தான் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு போனது வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1991-ல் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைஸான் உத்தீன், கே. வெங்கடசாமி தீர்ப்பு சொன்னார்கள். 'கெடுத்தவனே செலவைக் கட்டணும்' என்ற விதியை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உரக்கச் சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரியில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலூர் என்றால் ஜெயிலோ கோட்டையோ இல்லை, இந்தக் கேஸ்தான். தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம்.

கெடுத்தவன் கட்டணும், சரி. யாருக்கு? எவ்வளவு? எந்த ஊரில், யார் நிலத்தில், எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று நிலம் நிலமாகத் தெரிந்தால்தானே வவுச்சர் எழுத முடியும்? இங்கேதான் வரைபடம் என்பது சுவரில் மாட்டுகிற சமாசாரம் இல்லை என்று எனக்கு உறைத்தது. தீர்ப்பின்படி அமைத்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்தில் 29,000-க்கு மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்குச் சராசரி 9,000 சொச்சம். மாமா நிலத்தின் தென்னைக்கு உரம் வைக்கக்கூட அது இரண்டு வருஷம் வராது. விடுபட்டவர்களுக்காக 2009-ல் இன்னொரு உத்தரவு. அதற்கும் பிறகு வழக்கு நடந்து, 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், இன்னும் பணம் கிடைக்காதவர்களுக்கு அரசு 6 வாரத்தில் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள். 1991-ல் கேஸ் போட்டபோது பிறந்த குழந்தைக்கு இப்போது தலையில் நரை தேடலாம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1995-ல் ஜெர்மனி உதவியோடு ஒரு வேலை ஆரம்பித்தது. மாவட்டம் மாவட்டமாக, எந்த இடத்தில் எந்த மாதிரித் தொழிற்சாலை வரலாம், எங்கே கூடாது என்று வரைபடப் புத்தகம். ஆலை கட்டிய பிறகு கேஸ் போடுவதற்குப் பதில், கட்டுவதற்கு முன் படம் பார்ப்பது. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய ஒரு குரோமேட் ஆலையின் வாசலில் 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து, மழையில் கரைந்து நிலத்தடியில் இறங்கியது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மோசமான 10 இடங்களில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. அப்படி ஒரு பட்டியலில் ஊர் பெயர் வராமலிருக்க, ஒரு வரைபடப் புத்தகத்தின் விலை அதிகமே இல்லை.

இன்னொரு தமாஷ். 2019 ஜூலையில் சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது ஞாபகமிருக்கிறதா? 50 வேகன், 25 லட்சம் லிட்டர். கிளம்பிய இடம் ஜோலார்பேட்டை, ஆம்பூருக்கு அடுத்தாற்போல. அது பாலாற்றுத் தண்ணீர் இல்லை. குழாயில் வந்த காவிரி. பாலாற்றுக் கரைக்காரன் காவிரியைக் குடித்து, மீதியைப் பட்டணத்துக்கு அனுப்பியிருக்கிறான்.

★

இப்போது நான் வந்த காரியம். ப்ளாட் புரோக்கர் கொடுத்த லே-அவுட் படத்தை மாமா எடுத்து வந்தார். கலர் கலராக, 64 மனை, பூங்கா, 30 அடி ரோடு. தம்பி அதையும் படம் பிடித்து லேப்டாப்பில் ஏற்றி, கிராமப் புல வரைபடத்தின் மேல் வைத்தான்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த 30 அடி ரோடு, தலை முதல் கால் வரை, ஓடையின் மேலே போயிருந்தது. ஓடைக்குத் தனி சர்வே நம்பர், புறம்போக்கு. மாமாவின் பட்டாவில் இல்லாத இடம். ரோடு போட்டால் ஏரித் தண்ணீர் இறங்காது. கிழக்குக் கிணறு போகும். கூடவே 11 குடமும்.

"ஓடையில் தண்ணி வந்தே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தபாதான்" என்றார் மாமா, தனக்குத்தானே சொல்வது போல.

ஜவ்வாது மலைப் பக்கம் நாகநதியும் அப்படித்தான் வறண்டு கிடந்தது என்று தம்பி சொன்னான். 2014-லிருந்து வாழும் கலை அமைப்பினர், பாறை வெடிப்பு வரிகளைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, தண்ணீர் எங்கே உள்ளே இறங்கும் என்று இடம் குறித்தார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் அங்கே செறிவூட்டும் கிணறுகளை வெட்டி, ஓடைகளில் கல் தடுப்புகளை அடுக்கினார்கள். நீர்மட்டம் ஏறியது. 2021 செப்டம்பரில் பிரதமரே ரேடியோவில் வேலூர், திருவண்ணாமலைப் பெண்களைச் சொல்லிப் பேசினார். அங்கேயும் வேலை நடந்தது இந்த மாதிரி ஒரு கோட்டைப் பார்த்துத்தான்.

நான் என் கணக்கைப் போட்டேன். விற்றால் வரும் தொகை, பேங்க் வட்டி, மாமாவின் கடன், மேற்கூரை ரிப்பேர். ஒரு பக்கம் நம்பராக நிரம்பியது. இன்னொரு பக்கத்தில் 'கிழக்குக் கிணறு' என்று எழுதி, எதிரில் என்ன தொகை போடுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்தேன். எந்தத் தலைப்பில் போடுவது? தோல் ஷாப்புக்காரர்களின் கணக்குப்பிள்ளைகளும் அந்தக் காலத்தில் பாலாற்றுக்கு நேரே இப்படித்தான் காலியாக விட்டிருப்பார்கள்.

மறுநாள் புரோக்கர் வந்தார். மாமா லேப்டாப்பைக் காட்டி, "ரோடு ஓடை மேல போவுதே நைனா?" என்றார்.

"அதெல்லாம் பாத்துக்கலாங்க. இன்னா, படத்துல நாலு அடி முன்ன பின்ன இருக்கும்."

"நாலு அடி இல்ல. முழு ஓடை."

புரோக்கர் டீயைக் குடித்துவிட்டு, போன் பண்ணுவதாகச் சொல்லிப் போனார். இரண்டு மாதம் ஆகிறது. பண்ணவில்லை. மாமாவின் கடன் அப்படியே இருக்கிறது. அத்தை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "படம் காட்ட வந்தியா, பொழைப்பைக் கெடுக்க வந்தியா?" என்று மருமகளிடம் சொல்வது போல எனக்குச் சொன்னாள்.

மாமா மட்டும் ஒரு பழைய டைரி போட்டிருக்கிறார். வாரா வாரம் மீட்டரை முக்கி, இரண்டு கிணற்று நம்பரும் எழுதுகிறார். போன வாரம் போன் வந்தது. கல்யாணமோ என்று எடுத்தேன்.

"மாப்ளே, அந்த சேட்டிலைட்டு நம்ம ஊர் மேல எப்ப வரும்?"

"அஞ்சு நாளைக்கு ஒரு தபா மாமா. காலைல பத்தரை, பதினோரு மணி வாக்குல."

"கெணத்து மேட்டுல என் எட்டு முழ வேட்டியைக் காயப் போட்டா, அதுல விழுமா?"

"பத்து மீட்டருக்குக் கம்மியா எதுவும் தெரியாது மாமா." மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். "ஒரு புள்ளி முழுசா வெள்ளையாத் தெரியணும்னா இருபத்திரண்டு வேட்டி வேணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கணக்கைச் சரி பார்க்கிறார் போலிருக்கிறது.

"தீபாவளிக்கு நீ ரெண்டு எடுத்துக் குடு. மீதியை நான் பாத்துக்கறேன்."